ஏழில் முடியும் பெட்டிகள்

1987 பிப்ரவரி 9, திங்கள்

பட்டறைக்கு மறுபடி நூறு பெட்டி ஆர்டர். பீரங்கிக் குண்டு அடுக்குகிற மரப்பெட்டி. பட்டாளத்துக்கு ஒதுக்கிய பணத்தை மார்ச்சுக்குள் செலவழித்தே ஆகவேண்டுமாம், இல்லையென்றால் அடுத்த வருஷம் கம்மியாகிவிடுமாம். சண்டை இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது.

பெட்டிக்கு மெட்ராஸ் கான்ட்ராக்டர் வாங்குவது தொண்ணூறு ரூபாய். எங்கள் முதலாளி ராஜமாணிக்கத்துக்கு நாற்பது. நாளெல்லாம் பெட்டிமேல் எண் எழுதும் எனக்கு நாள் கூலி ஆறு. எதிரே செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் மன அமைதி தேடி ஆசிரமத்துக்கு நடக்கிறார்கள்.

பிப்ரவரி 17

மரம் காயவில்லை. ஆணி அடித்தால் ஈரம் கசிகிறது. முதலாளியிடம் சொன்னேன்.

"பத்துக்கு ஒண்ணு காஞ்ச மரத்துல செஞ்சிருக்கு வேதா. அதுக்கு மட்டும் ஏழுல முடியற நம்பர் போடு. பட்டாளத்து இன்ஸ்பெக்டர் சோதிக்க எப்பவும் ஏழு நம்பரைத்தான் எடுப்பாரு."

அப்போ மீதித் தொண்ணூறைத் தூக்கப்போகிற சிப்பாயின் கதி? எங்கள் தெருவிலேயே மூன்று பேர் பட்டாளத்தில் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 20

வந்த வரிசையில் எழுதினேன். ஏழுக்கு எது வந்ததோ அது.

பிப்ரவரி 23

இன்ஸ்பெக்டர் 37-ஐ எடுத்தார். மணல் மூட்டை வைத்துத் தூக்கச் சொன்னார். அடிப்பலகை பிளந்து மூட்டை எங்கள் பட்டறையில் சுமை தூக்கும் கருப்பண்ணன் காலில் விழுந்தது. நூறும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

தூக்கப்போவது அவர்தான் என்று நான் ஏன் நினைக்கவில்லை?

பிப்ரவரி 24

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு வாரம் கூலி கிடையாது. கைப்பிடிக் கயிறு கட்டும் எல்லம்மாக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தியது.

"உனக்கு இன்னாடி, கண்ணாலம் ஆவாதவ! எங்க ஊட்டு உலையில உன் நியாயத்தையா போடறது?"

ஆனால் இன்னொரு தடவை எழுதச் சொன்னாலும் இப்படித்தான் எழுதுவேன்.

பிப்ரவரி 26

கருப்பண்ணனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். காலில் பெரிய கட்டு. சிரிக்கிறார். "மணல்தானே புள்ள. குண்டா இருந்திருந்தா காலைத் தேடிக்கினு போயிருக்கணும்."

மார்ச் 9

புதுப் பெட்டிகள் தயார். இதிலும் பாதிக்கு மேல் பச்சை மரம்தான். எண் எழுத எல்லம்மாக்காவைக் கூப்பிட்டாராம் முதலாளி, கூலி ரெண்டு ரூபாய் ஜாஸ்தி தருவதாக.

"எனக்கு எழுத்தே தெரியாதுங்க"ன்னு சொல்லிவிட்டு மறுபடி கயிறு கட்டப் போய்விட்டதாம்.

எல்லம்மாக்கா ஒன்பதாவது வரை படித்தது.