தேக்கு பெஞ்சுக்குப் பூசிய நல்லெண்ணெய்

அன்புள்ள குமுதாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் சுகமா? நான் நலம். உன் புளிக்குழம்பு இல்லாததால் என் வயிறும் நலம்.

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. நான் வேலை செய்யும் வீட்டு லீனா அம்மா, மகள் நிச்சயத்துக்காகத் தோட்டத்துத் தேக்கு பெஞ்சைக் கழுவிக் காயவைக்கச் சொன்னார். அதோடு விட்டேனா? “எங்க ஊர்ல பொங்கலுக்கு வாசக்கதவுக்கே நல்லெண்ணெய்தாம்மா” என்று பெருமையடித்து, ஒரு பாட்டிலையும் பூசிவிட்டேன். பினாங்கு மழை ஈரத்தில் அது காயவே இல்லை. கதவில் யாரும் உட்காருவதில்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா அதில் உட்கார்ந்து எழுந்தார். வெள்ளைப் பட்டுச்சேலையின் பின்பக்கம் முழுக்கக் கறை. “யாரு பாத்த வேலை இது?” என்றார். நான் இளித்துக்கொண்டு நின்றேன். லீனா அம்மாதான், “நான்தான் பூச சொன்னேன் சம்பந்தி. என் தப்புலா” என்று இந்த ஊர்ப் பேச்சில் சொன்னார். அத்தனை பேர் முன்னால் எனக்காகத் தலைகுனிந்தார். பிறகு என்னிடம், “சாப்பிட்டீங்களா அண்ணே?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் கிண்டல் பேசித் தப்பித்திருப்பேன்.

பெஞ்சில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் பிசுக்குப் போகவில்லை. தச்சுவேலை செய்யும் உன் அண்ணனிடம் வழி கேட்டு எழுது. நான் செய்ததென்று சொல்லாதே. நாலு வரியில் முடிக்காமல், நீ எழுதும் அன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்பதையும் எழுது.

இதை எழுதி முடித்ததும் போய் லீனா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதென்று நினைத்திருந்தேன். முடித்துவிட்டேன், போகிறேன்.

உன்
பக்கிரிசாமி