செங்கல்பட்டில் சாரதா சாகவில்லை

செங்கல்பட்டு,
20-7-1957

சிரஞ்சீவி சௌபாக்கியவதி அம்சாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இந்தக் கடிதம் எழுதும் தேதி வரையில் நானும் உன் அம்மாவும் க்ஷேமம். என் இடது முழங்கால் மட்டும் இதற்கு விலக்கு. ஜபல்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் க்ஷேமமென்று அனுமானிக்கிறேன். உன் கடைசிக் கடிதம் வந்து இருபத்திரண்டு நாளாகிறபடியால் அனுமானத்துக்கு மேல் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. கொளவாய் ஏரியில் தண்ணீர் குறைவு. குழந்தைக்குப் பல் முளைக்கும் சமயம் ஜுரம் வந்தால் பயப்படாதே, ஆனால் டாக்டரிடம் காட்டாமலும் இராதே.

இனி நீ அவசியம் பதில் எழுதவேண்டிய விஷயம். சென்னையில் வெளியாகும் வாரப் பத்திரிகை ஒன்று, நாட்டு மக்களுக்கு மிகவும் பிடித்த தமிழ் நாவல் எதுவென்று பொது வாக்கெடுப்பு நடத்துகிறது, ஊர்தோறும் வாசகசாலைகளே வாக்குச் சாவடி. நம் வாசகசாலைக் காரியதரிசி பட்டாபி வந்து நான்தான் தேர்தல் அதிகாரியாக இருக்கவேண்டும் என்றான். காரணம் கேட்டதற்கு, "ஊர்லேயே ஒரு நாவல்கூடப் படிக்காதவர் நீங்க ஒருத்தர்தான் ஸார், பட்சபாதம்னு யாரும் வாயைத் திறக்க முடியாது" என்றான். இதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். பொதுத் தேர்தலில் நடந்தது போலவே நாவலுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம். பெட்டி என்றது உன் அம்மாவின் மாவு டின்கள். 'சதுரங்கப்பட்டினத்துச் சாரதா'வுக்குத் தோணி, பட்டாபி உயிரை விடும் துப்பறியும் நாவலான 'பதினேழாம் நம்பர் மோட்டா'ருக்கு மோட்டார். படிக்கத் தெரியாத பெண்கள் வாசகர்களாவார்களா என்று அவன் முதல் நாளே ஆட்சேபித்தான். வெள்ளிக்கிழமை தோறும் வாசகசாலையில் நீ உரக்கப் படித்ததைக் கேட்டவர்கள் அவர்கள். காதால் படித்தாலும் படிப்புத்தான் என்று ஆட்சேபத்தைத் தள்ளினேன். எண்ணியதில் தோணிக்கு ஐம்பத்திரண்டு, மோட்டாருக்கு முப்பத்தொன்று. விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் வென்ற நாவலின் பிரதியை அதிகாரி பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி இருந்தது. மற்ற ஊர்களில் இதை யார் மதித்திருப்பார்கள் என்று தெரியாது, நான் பக்கங்களை எண்ணினேன். நம் வாசகசாலைப் பிரதி, பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடரை யாரோ கத்தரித்துத் தைத்து பைண்டு செய்து தானமாகக் கொடுத்தது. கதை நாற்பத்தாறு அத்தியாயம். பைண்டில் இருப்பது நாற்பத்தொன்று. சாரதா சதுரங்கப்பட்டினக் கடற்கரையில் தனியாக நிற்கிறாள், அவளைவிட்டு ரங்கூனுக்குப் போன கணவனிடமிருந்து கடிதமில்லை, அதோடு அட்டை வந்துவிடுகிறது. அப்படியானால் முடிவு என்ன என்று உன் அம்மாவைக் கேட்டேன். சாரதா தோணியேறிக் கால்வாய் வழியே பட்டணம் போய் நர்ஸ் பரீட்சை தேறியதை, வெள்ளைப் புடைவையின் கரை நிறம் உள்படக் கண்ணீரோடு சொன்னாள். சந்தேகம் தீர, அச்சான புத்தகத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் படித்தேன். அதில் சாரதா நாற்பத்துநாலாம் அத்தியாயத்தில் கடலில் இறங்கி இறந்துபோகிறாள். மிச்சம் இரண்டு அத்தியாயமும் மற்றவர்கள் அழுவது. அன்று கோர்ட்டில் என் வாதம் சரியாக அமையவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். அட்டைக்கு அப்பால் ஐந்து அத்தியாயம் நீயாகப் படித்திருக்கிறாய் என்பது அப்போதுதான் புரிந்தது.

பட்டாபி இதை விடுவானா? வெள்ளிக்கிழமைப் பெண்கள் அவர்களே சொன்னபடி தோணிக்குப் போட்ட வாக்கு முப்பத்தெட்டு. அவற்றைத் தள்ளினால் தோணிக்கு மிஞ்சுவது பதினாலு, மோட்டார் ஜயித்துவிடும். "இல்லாத நாவலுக்கு ஓட்டுப் போட்டா, இல்லாத வேட்பாளருக்குப் போட்ட மாதிரிதானே ஸார்?" என்றான். சட்டப்படி அதில் சாரமுண்டு, நான் யோசித்தேன். உன் அம்மா யோசிக்கவில்லை. "அந்த முடிவைக் கேட்டு மூணு தடவை அழுதிருக்கேன். பொய்யாவா அழுதேன்?" என்றவள், இரண்டு நாள் என்னோடு ரசம் சாதத்துக்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மார்க்கெட்டில் கருவாடு விற்கும் செங்கம்மாளை உனக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிடுவதால் வாசகசாலை ஜன்னலண்டை வந்து உட்காருவாள். அவள் கூடையோடு நம் வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி, "இன்னா வக்கீலய்யா, சாரதா செத்துட்டாளாமே, யாரு சொன்னது? அந்தக் கடலு எனக்குத் தெரியாதா, அவ நின்ன எடத்துல முட்டியளவுதான் தண்ணி!" என்றாள். அச்சில் அப்படித்தான் இருக்கிறது என்று புத்தகத்தைக் காட்டினேன். "அச்சுல போட்டா ஆச்சா? அவ ஆஸ்பத்திரில வேலைக்குப் போனான்னு கேட்டுத்தானே எங்க ஆராயிய நர்சு படிப்புக்கு வுட்டேன். ஊரே சிரிச்சுது. ரெண்டாம் வருசம் படிச்சுகினு கீது. இப்ப வந்து அதெல்லாம் இல்லேன்றியே, எம்பொண்ண இட்டுகினு வந்துடட்டா?" என்றாள். முப்பது வருஷம் குறுக்கு விசாரணை செய்தவன் நான். காட்டிய புத்தகத்தை மூடி உள்ளே எடுத்துப் போனேன்.

ஒரு சங்கடம். முடிவைச் செய்தவள் என் மகள் என்று வெளிப்பட்டபின் இந்தத் தீர்ப்பை நான் சொல்வது முறையல்ல. ஆகையால் எழுத்து மூலம் விலகிக்கொண்டு, மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஏசுதாஸிடம் ஒப்படைத்தேன். அவர் பெண்கள் ஐந்து பேரை விசாரித்து, அவர்கள் எதைக் கேட்டார்களோ அதற்கே வாக்களித்திருக்கிறார்கள், ஆகவே அச்சு நாவலை ஒன்றாகவும் செங்கல்பட்டில் கேட்ட நாவலை வேறொன்றாகவும் கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தக் கணக்கில் உன்னுடையதுக்கு முப்பத்தெட்டு, முதலிடம். பட்டாபியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் பிரதியில்லாத நாவலைச் சென்னைக்கு அனுப்ப வழியில்லை. ஆகஸ்டு பத்தாம் தேதிக்குள் அந்த ஐந்து அத்தியாயமும் உன் கையெழுத்தில் வராவிட்டால் முப்பத்தெட்டு வாக்கும் செல்லாது என்பது அவர் உத்தரவு. தினம் மார்க்கெட்டைத் தாண்டும்போதெல்லாம் செங்கம்மாள், "பாப்பா எழுதிச்சா?" என்று கேட்கிறாள். வாய்தா வாங்கிக் காலம் தள்ள அவள் ஜட்ஜு அல்ல.

ஆகவே உடனே உட்கார்ந்து எழுது, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, ரசீதைப் பத்திரப்படுத்து. மாப்பிள்ளை ஏதாவது திருத்தம் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள், ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நீ அந்த வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்தபின் வீடு திரும்பியதற்காக நான் கோபித்தது உண்டு. விவரம் தெரியாமல் சொன்னவை, அவற்றை வாபஸ் பெறுகிறேன். முக்கியமாக ஒன்று: மூன்று தடவை படித்தபோது மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது, சாட்சியங்கள் முரண்படுகின்றன. ரங்கூனிலிருந்து கணவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டான் என்கிறாள் உன் அம்மா. வந்தவனைச் சாரதா வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள் என்று செங்கம்மாள் சத்தியம் செய்கிறாள். அவன் வரவே இல்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை என்பது வேறொரு சாட்சி. யாருக்காகவும் பார்த்து எழுதாதே, உனக்குச் சரியென்று படுவதை எழுது.

நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். ஐந்து அத்தியாயமும் எழுதி முடிக்கவே ஒரு வாரமாகும். அதுவரை காத்திருக்க வேண்டாம், கணவன் வந்தானா இல்லையா என்பதை மட்டும் ஒரு கார்டில் முன்னதாக எழுதிப்போடு. இது வாக்கெடுப்புக்காக அல்ல. எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்ரீனிவாசராகவன்