நான் எடுத்துவிட்ட இரண்டு வரி

மார்ச் 4

வக்கீல் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். சும்மா கிடந்த கணினியில் எங்கள் வழிபாட்டுச் சபையின் மனுவை அடித்து முடித்தேன். நகர மன்றத்துக்கு. சுகாதார நிலையத்தில் நகராட்சிச் செலவில் இலவசமாகக் கொடுக்கும் கருத்தடை மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி. 'யாரையும் பயன்படுத்த வேண்டாம் என்று தடுக்கவில்லை. எங்கள் நம்பிக்கைக்கு விரோதமானதற்கு எங்கள் வரிப்பணத்தை எடுக்காதீர்கள்' - சபைத் தலைவர் தன் கையால் எழுதிக் கொடுத்தது. நியாயமான பேச்சுதான்.

சிக்கல் வேறு. விஷயம் முன்பக்கத்தில் அடங்க வேண்டும், அதே தாளின் பின்பக்கம் கையெழுத்துகள். விஷயமே இல்லாத தனித்தாளில் வாங்கிய கையெழுத்தை யார் மதிப்பார்கள்? இருபத்தாறு வருடம் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்து கற்றது இது. எழுத்தைச் சின்னதாக்கினேன், ஓரத்தை நெருக்கினேன். அப்படியும் இரண்டு வரி அடுத்த பக்கம் போனது. எந்த வழவழாவையும் ஒரே பக்கத்தில் அடக்குவேன் என்பதால்தான் வக்கீல் என்னை 'ஒத்தப் பக்கம்' என்று கூப்பிடுகிறார். பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டேன். 'மருத்துவர் அவசியம் என்று சீட்டு எழுதித் தந்த பெண்களுக்கு இக்கோரிக்கை பொருந்தாது.' இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சீட்டோடு வருகிறவளை எந்த ஊரில் திருப்பி அனுப்புவார்கள்?

மார்ச் 5

தலைவர் யாரோ இறந்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படிக்கிற கண்ணாடி வீட்டுக்குள்ளே இருந்தது. ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டேன் என்றேன். "நீங்க பாத்திருந்தா சரிம்மா" என்று வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 10

வழிபாடு முடிந்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பத்துப் பிரதியில் இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து. படித்துப் பார்த்தது ஒரே ஒருத்தி - சுகாதார நிலையத்து நர்ஸ். அவளும் நம் சபைதான். வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"சீட்டு இருக்கறவங்களுக்கு என்ன பண்றதுக்கா?"

அதெல்லாம் கொடுக்கத்தானே செய்வீர்கள் என்றேன்.

"எழுதியிருந்தா குடுப்பேன்" என்றாள். கையெழுத்துப் போடாமல் போய்விட்டாள். ரொம்பத்தான் தலைக்கனம்.

குருவியும் வந்திருந்தாள். தம்பி மனைவிக்கு அந்தப் பெயர் வைத்ததே நான்தான், கல்யாணத்தன்று இலையில் அவள் கொறித்ததைப் பார்த்து. பேனாவை நீட்டினேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கிப் போட்டாள்.

ஏப்ரல் 27

தீர்மானம் நிறைவேறிவிட்டது. எங்கள் வார்டு உறுப்பினர் சபைக்கே வந்து, மனுவில் ஒரு சொல்கூட மாற்றவில்லை, அப்படியே தீர்மானமாக வைத்துவிட்டோம், அவ்வளவு கச்சிதம் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மே 19

குருவி அலுவலகத்துக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் இங்கே வந்ததே இல்லை. என்னம்மா என்றேன். இந்தப் பக்கம் வந்தேன், சும்மாதான் என்றாள். தண்ணீர் குடித்தாள். கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு ஒரு கிரயப் பத்திரம் அவசரம். போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2

முழங்கால் வலி. அலுவலகத்துக்குப் புது அச்சு இயந்திரம் வந்திருக்கிறது. பழசு மாதிரியே இதுவும் தாளைத் தின்கிறது.

ஜனவரி 30

எப்படி எழுதுவது?

குருவிக்கு ஐந்தாம் மாதம். தம்பி தொலைபேசியில் அழுதான். எதற்கடா அழுகிறாய், நல்ல செய்திதானே என்று நான் சிரித்தேன் - சிரிச்சேனே, பாவி.

அவளுக்கு இதயத்தில் வால்வு கோளாறாம். இரண்டாவது பிரசவத்திலேயே தெரிந்திருக்கிறது. இன்னொன்றைத் தாங்காது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்தும் தாங்காது என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு வருடமாகச் சுகாதார நிலையத்தில் போட்டு வந்திருக்கிறாள். மே மாதம் போனபோது கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு மாதாமாதம் வராதாம், அதனால் வயிறு தெரியும்வரை அவளுக்கே தெரியவில்லை. இனி எதைச் செய்தாலும் ஆபத்துதான், பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

தம்பி வெள்ளையடிக்கிறவன். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வெளியில் வாங்கிப் போட முடியவில்லையாம். அவனைப் பற்றி வேறு எதுவும் எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

மே மாதம். அந்தக் கைப்பையில் இருந்தது சீட்டுதான்.

பிப்ரவரி 1

அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். தலையணை மூன்று அடுக்கி உட்கார்ந்தே இருக்கிறாள், படுத்தால் மூச்சு வாங்குகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீங்க சபைக்காரங்க. உங்ககிட்ட போய் இத எப்படிக்கா கேக்குறது?"

அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டாய்?

"நீங்க பேனாவ நீட்டுனீங்க. நாலு பேரு பாத்துட்டிருந்தாங்க."

பதினோரு வருடம் நான் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். மூன்று தெரு தள்ளி, தெரிந்த முகம் இல்லாத மருந்துக்கடையில் வாங்கி, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், நூல்கண்டுக்கு அடியில். என்னவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கையில் காசு இருந்தது, வாங்கினேன். அப்போதெல்லாம் நம்பிக்கை ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது. இவளுக்கு ஊசி வேண்டும் என்று தெரிந்திருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். ஆனால் என்னிடம் வந்து கேட்கிற மாதிரியா நான் இருந்தேன்?

பிப்ரவரி 3

தலைவரின் கையெழுத்துப் பிரதி கோப்பிலேயே இருந்தது. எதையும் கிழித்துப் போடாத புத்தி. எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கடைசி இரண்டு வரியைக் காட்டினேன். இடம் பத்தவில்லை, நான்தான் எடுத்தேன் என்றேன். குருவி விஷயத்தையும் சொன்னேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் எழுத்தைப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எங்க அக்கா மூணாவது பிரசவத்துல போனாங்கம்மா. அதுக்காகத்தான் இந்த ரெண்டு வரிய எழுதினேன். நான் படிச்சுப் பாத்திருக்கணும்."

தாளை மடித்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 17

புது மனு. விதிவிலக்கு வேண்டும் என்று மட்டும். மற்றதில் தலைவர் மாறவில்லை. பொதுப்பணத்தில் கூடாது என்பது அவருக்கு இன்றும் மனசாட்சி. எனக்கு எது மனசாட்சி என்று தெரியவில்லை. போன தடவை வந்த இருநூற்றுப் பதினான்கில் இன்று வந்தது அறுபத்தொன்று. நர்ஸ் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"சீட்டு இல்லாதவங்களும் வந்து திரும்பிப் போறாங்கக்கா. நாலு பிள்ள, அஞ்சு பிள்ள. அவங்களுக்கு எந்த வரி எழுதப்போறீங்க?"

தாள்களை எண்ணி அடுக்கினேன்.

மார்ச் 22

நகர மன்றக் கூட்டம் தள்ளிப்போனது.

ஏப்ரல் 19

மறுபடியும் தள்ளிப்போனது. அவளுக்கு எட்டாம் மாதம்.

மே 26

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. குழந்தை நன்றாக இருக்கிறது. குருவியை வேறு மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யாரையும் விடவில்லை.

மே 29

பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தேன். என்ன கேட்பது? நான் எடுத்ததை நீ திருப்பிக் கொடு என்றா?

ஜூன் 14

பிழைத்துவிட்டாள். பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். படி ஏறக் கூடாது, குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. குழந்தையையும்தான். இது எத்தனை நாளைக்கு என்று தம்பி கேட்டதற்கு, நாள் கணக்கு இல்லை, இனி இப்படித்தான் என்றிருக்கிறார் மருத்துவர். அலுவலகத்தில் அரை நாள் வேலை கேட்டு வாங்கிவிட்டேன். காலையில் நான் போய்க் குளிப்பாட்டித் தூக்கிப் பக்கத்தில் போட்டால்தான் அவள் குழந்தையைத் தொடுகிறாள்.

ஜூலை 8

விதிவிலக்கு நிறைவேறிவிட்டது. நர்ஸ் அறிவிப்பின் நகலை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். குருவி கண்ணுக்குக் கிட்ட வைத்துப் படித்தாள்.

"இந்த ரெண்டு வரிய எழுதுன கை நல்லாயிருக்கணும்க்கா" என்றாள்.

நான் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். தலைவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நாற்பது வருடமாக என் சாமர்த்தியமே பேசாமல் இருப்பதுதான்.

சொல்லிவிட்டேன். இது முதலிலேயே இருந்தது, எழுதினது தலைவர், எடுத்தது இந்தக் கை என்று. ஏன் என்று கேட்டாள். இடம் பத்தவில்லை என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே கேவலமாக இருந்தது. வேற காரணமே இல்லையே, இருந்தாத்தானே சொல்ல முடியும்.

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"புள்ளைய என் பக்கத்துல போட்டுட்டுக் கெளம்புங்க."

ஜூலை 9

போகவில்லை.

ஜூலை 11

தம்பி வந்தான். "அவ கூப்பிடலக்கா. நான்தான் கூப்பிடறேன். நான் வேலைக்குப் போகணும்." போனேன். அவள் என்னிடம் பேசவில்லை. எல்லாம் குழந்தை வழியாகத்தான். தண்ணீர் சூடு போதுமென்று அத்தைகிட்டச் சொல்லு. அத்தைகிட்ட அந்தத் துண்டை எடுக்கச் சொல்லு. பிறந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது, அதற்குள் பிள்ளைக்கு எத்தனை வேலை.

ஆகஸ்ட் 12

ஊசி நாள். திருப்பி அனுப்பிப் பதினைந்து மாதத்துக்குப் பிறகு.

வாடகை வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மெல்ல நடந்தாள், குழந்தை என் தோளில். கூடத்தில் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். கடைசியில் அந்த இரண்டு வரி. அதற்குக் கீழே இன்னும் நிறைய இடம் காலியாகவே இருந்தது.

கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டாள். பதிவேட்டில் எழுத வேண்டுமாம், அவளுக்குத் தெரியாதா என்ன. முன்பெல்லாம் எங்கே போனாலும் குருவி 'எங்க அக்கா' என்றுதான் சொல்வாள்.

"புள்ளையோட அத்தை" என்றாள்.

நர்ஸ் ஒப்புதல் தாளை எடுத்து வைத்தாள். ஒரு கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் என் பேனாவை எடுத்து நீட்டினேன். பழக்கம். குருவி பேனாவைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து தன்னுடையதை எடுத்தாள்.

உடனே கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் அவசரப்படவில்லை. அதுவரை குழந்தையை நான் வைத்திருந்தேன்.