மாப்பிள்ளை போட்ட கோடு

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டரம்மா வந்து போனார். அவருடைய கிளினிக் வாசல் கதவுக்கு வண்ணக் கண்ணாடி பேனல் வேண்டுமாம். பச்சைக் கொடி, நடுவில் ஆரஞ்சுப் பூக்கள். மாப்பிள்ளை கண்ணாடியை வெட்டி, ஓரங்களுக்குச் செம்பு டேப் சுற்றி, ஈயத்தை உருக்கித் துண்டுகளை ஒன்றோடொன்று பத்தவைப்பான். அதற்குப் பிறகு என் பாடு. ஈயக்கோடுகளைக் கழுவ வேண்டும், தேய்க்க வேண்டும், கறுப்பு மருந்து தடவ வேண்டும், மெழுகு போட்டுப் பளபளப்பாக்க வேண்டும். அவன் என் தங்கச்சியைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே எங்களுக்குள் இதுதான் பங்கு.

"கறுப்பே போட்டுடலாம்மா, அடக்கமா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஐயையோ, வேணவே வேணாம். நாள் முழுக்கச் சொத்தைப் பல்லைத்தான் பாக்கறேன். வாசல்லயும் அதையே பாக்கணுமா? கோடெல்லாம் வெள்ளி மாதிரி மின்னணும்" என்றார்.

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்பு மருந்து மேடுபள்ளத்தை ஓரளவு மறைத்துவிடும். வெள்ளியாக விட்டால் ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சம் பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்ச காலமாக வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஏன் கறுப்பையே கட்டிவிடுகிறேன் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் வலது கை நடுங்குகிறது.

மார்ச் 5, வியாழன்

அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? டீ டம்ளரை இப்போதெல்லாம் இடது கையில்தான் எடுக்கிறான். கேட்டால் சொல்வானோ மாட்டானோ. நான் கேட்கவில்லை.

முன்பெல்லாம் அவன் போட்ட ஈயக்கோட்டில் விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது இடறுகிறது. ஒரு இடத்தில் குவியல், பக்கத்திலேயே பள்ளம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயரும் நேரத்தில் நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, அந்த மேடுகளை மறுபடி உருக்கிச் சமன் செய்துவிடுகிறேன். அவன் எழுந்து வரும்போது நான் சாதுவாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன். பூனை பால் குடித்த கதைதான்.

அவனுக்கு நல்லதுதானே செய்கிறேன்?

மார்ச் 9, திங்கள்

தங்கச்சி கேட்டேவிட்டாள். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. மாடி அறையில் நான். சோறு மூன்று பேருக்கும் அவள் கைதான். இன்று தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அண்ணா, அவர் கை எப்படி இருக்கு? சட்டைப் பொத்தான் போட ரொம்ப நேரம் ஆகுது. டாக்டர்கிட்ட போலாம்னா எரிஞ்சு விழறார்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வயசாகுதுல்ல. வேலை எப்பவும் போலத்தான் இருக்கு."

"நிஜமாவா?"

"வேணும்னா வந்து பாரு."

வந்தாள். போன வாரம் முடித்த பேனலைப் பார்த்தாள். நான் திருத்திய கோடுகளைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கேட்ட உடனே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

உடைத்துவிட்டேன்.

டாக்டரம்மாவின் பேனலை நேற்றே மாப்பிள்ளை பத்தவைத்து முடித்திருந்தான். கோடெல்லாம் மேடும் பள்ளமும். இவ்வளவு மோசமாக இதுவரை இருந்ததில்லை. வெள்ளியாக மின்ன வேண்டிய பேனல் வேறு. இன்று அவன் படுத்ததும் ஆரம்பித்தேன். அவசரம். ஒரே இடத்தில் அயர்னை ரொம்ப நேரம் வைத்துவிட்டேன் போல. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். பூக்களை ஒட்டி இருந்த பெரிய பச்சை இலைக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுவிட்டது.

அயர்னை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். என்ன சொல்வது என்று குழாயடியில் யோசித்துக்கொண்டு நின்றது கொஞ்ச நேரம்தான். திரும்பி வந்தால் மாப்பிள்ளை மேஜை அருகில் நிற்கிறான்.

"மச்சான், இலையில விரிசல் விட்டிருக்கு பாரு. நேத்து நான்தான் சூடு ஓவரா வச்சுட்டேன் போல."

நான் வாயைத் திறந்தேன். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை சரியில்ல மச்சான். ரொம்ப நாளா சரியில்ல" என்றான்.

அவன் வாயால் இதைச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். இலையை உடைத்தது நான்தான் என்று சொன்னால் 'அப்போ என் கை நல்லாத்தான் இருக்கு' என்று மறுபடி மூடிக்கொள்வான். சொல்லாவிட்டால் டாக்டரிடம் போவான். அதனால் சொல்லவில்லை — அதனால்தானா? பயத்தினால் இல்லையா? இரண்டும்தான் என்று எழுதி வைக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

டாக்டரம்மா பேனலைப் பார்க்க வந்தார். மாப்பிள்ளை நேராக அவர் முன்னால் போய் நின்றான்.

"மன்னிச்சிடுங்கம்மா. இலை உடைஞ்சது என் தப்பு. வேற கண்ணாடி போட்டுத் தரோம். கொஞ்சம் தாமதமாகும்."

இவன் யாரிடமும் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. நான் மெழுகு டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா பேனலைப் பார்க்கவில்லை. "கையை நீட்டுங்க" என்றார். அப்புறம், "இது எனக்குப் பாத்தா தெரியுது. ஆனா நான் பல் டாக்டர். நரம்பு டாக்டர் ஒருத்தரைச் சொல்றேன், நாளைக்கே போங்க" என்றார். உள்ளே இருந்த தங்கச்சி கேட்டுக்கொண்டே வந்து, அழுதபடி டாக்டரம்மாவுக்கு நாற்காலி போட்டாள்.

மார்ச் 19, வியாழன்

நரம்பு டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். கையை மடக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், எழுதச் சொன்னார்கள். அவன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. நரம்புக் கோளாறுதான். மாத்திரை சாப்பிட்டால் நடுக்கம் குறையுமாம். பழைய கை திரும்பாதாம்.

"இவ்வளவு நாளா ஏன் வரல?" என்று டாக்டர் கேட்டார்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்: "வேலை நல்லாத்தான் வந்துட்டு இருந்தது சார். கை நடுங்கற மாதிரி தோணும். முடிச்ச பேனலைப் போய்ப் பாப்பேன், கோடு நேரா இருக்கும். சரி, நமக்குத்தான் பிரமைன்னு விட்டுட்டேன்."

தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. நான் பளபளப்பாக்கி வைத்த பேனல்களைப் பார்த்துத்தான் இவன் தன் கையை நம்பியிருக்கிறான்.

வரும் வழியில் பஸ்ஸில் இருவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேடுகளைத் திருத்தியதை, இலையை உடைத்ததை, தங்கச்சியிடம் சொன்ன பொய்யை. இறங்கும் இடம் வந்தது.

மார்ச் 20, வெள்ளி

எங்களுக்குள் எப்போதும் வா, போ தான். தங்கச்சியைக் கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. இன்று கடைக்குள் நுழைந்ததும் அவன் சொன்னது:

"வாங்க மச்சான். உக்காருங்க."

கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

"நான் உங்ககிட்ட உதவி கேட்டேனா? என் கோடு மோசமா இருந்தா மோசமா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் தெரிஞ்சுக்கக் கூடாதா? என் கை, எனக்குத் தெரிய வேணாமா?"

உனக்கு வலிக்கக் கூடாதென்றுதான்டா செய்தேன் என்று தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பான். அவன் கோபம் சரிதான்.

மார்ச் 24, செவ்வாய்

'வாங்க போங்க' தொடர்கிறது. சோறு மாடிக்கே வந்துவிடுகிறது. கொண்டு வருவது பக்கத்து வீட்டுப் பெண். தங்கச்சி வரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

உடைந்த இலையை எடுத்துவிட்டுப் புதியது வைத்தேன். மேடான கோடுகளையும் நானே மறுபடி போட்டேன், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சுமாராகத்தான் வந்தது. நல்ல நாளில் அவன் கை போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் வராது. கழுவி, மெழுகு போட்டு, கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். டாக்டரம்மா முதலில் அவனைத்தான் விசாரித்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

தங்கச்சி தட்டோடு மாடிக்கு வந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

"உன்மேல எனக்கு இன்னும் கோபம் போகலண்ணா" என்றாள்.

"தெரியும்."

"மாத்திரை கேக்குது. பொத்தான் அவரே போட்டுக்கறார்."

மறுசோறு போடட்டுமா என்று கேட்டாள். போடச் சொன்னேன்.

மே 11, திங்கள்

போன வாரம் மாப்பிள்ளை தானாகவே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். இனி பத்தவைப்பது நான், தேய்த்து முடிப்பது அவன். யாரும் கலந்து பேசவில்லை, அப்படியே ஆகிவிட்டது. மெழுகுத் துணியைப் பிடித்துக்கொண்டு, "பாரு, கை தானாவே ஆடுது, நான் பாட்டுக்குச் சும்மா உக்காந்தா போதும்" என்றான். தங்கச்சி முறைத்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

இன்று ஒரு ஜன்னல் பேனலைப் பத்தவைத்து அவன் மேஜையில் வைத்தேன். பெருவிரலைக் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே போனான். ஒரு மூலையில் விரல் நின்றது. கம்பி நாரை எடுத்து அந்த இடத்தைத் தேய்க்கப் போகிறான் என்று நினைத்தேன்.

தேய்க்கவில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து, கை ஆட ஆட, அந்த இடத்தைச் சுற்றிக் கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டான். பேனலை என் பக்கம் தள்ளினான்.

"இங்க மேடா இருக்கு மச்சான். நீயே சரி பண்ணிக் கொண்டா."

வாங்கிக்கொண்டு போய் அயர்னைச் சூடாக்கினேன்.