சைபர் போட்ட விடை

கொக்கட்டிச்சோலை,
ஞாயிறு.

அன்புள்ள மகன் உதயரூபனுக்கு,

நீயும் நிருஷாவும் பிள்ளையும் அந்தக் கனடாப் பனியில் ஒரு குறையுமின்றி இருக்கத் தான்தோன்றீஸ்வரரை வேண்டுகிறேன், நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். அம்மாவின் முழங்கால் நோவு அப்படியே இருக்கிறது, வயல் வட்டையில் வெள்ளம் இன்னும் வடியவில்லை, உரம் எறிய ஆளும் கிடைக்கவில்லை. இதெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். நான் அழைத்தால் நீ எடுப்பதில்லை, அதைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று நீ அழுதுகொண்டு சொன்ன அன்று, நம்மூரில் குடி என்கிற வம்சம் தாய்வழியே வரும் என்ற நினைப்பில், எங்கட குடியில இப்படி ஒருத்தரும் இல்ல மகன், பிள்ளை தாய்ட குடிதானே, அங்க விசாரிச்சுப் பார் என்றேன். நிருஷா பக்கத்திலிருந்து கேட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் கேட்காவிட்டாலும் அது வாயால் சொல்லக்கூடிய வார்த்தையா.

சென்ற கிழமை உயர்தரப் பிள்ளைகளின் உயிரியல் மாதிரித் தாள்களைத் திருத்தத் தந்தார்கள், ஓய்வு பெற்றாலும் விடமாட்டார்கள். டவுன் சிண்ட்ரோமில் இருபத்தோராம் நிறமூர்த்தம், அதுதான் குரோமோசோம், மூன்றாக வருவது ஏன் என்று ஒரு கேள்வி. ஒரு பிள்ளை, தாயின் பரம்பரையால் என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையால் வெட்டிச் சைபர் போட்டு ஓரத்தில் விளக்கமும் எழுதினேன், உயிர்க்கலம் தன் டிஎன்ஏயைப் பிரதி எடுத்துப் பிரியும்போது ஒரு சோடி நிறமூர்த்தம் விலகாமல் ஒரே பக்கம் போய்விடுகிறது, அது முட்டையிலும் நடக்கலாம் விந்திலும் நடக்கலாம், அநேகமாகப் பரம்பரையால் வருவதல்ல, யாருடைய குற்றமுமல்ல என்று. எழுதி முடித்த பிறகுதான் நான் வெட்டியது என்னுடைய விடை என்று உறைத்தது. முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் கீறிக் காட்டிய படம், என் வீட்டுக்கு வந்தபோது மறந்து போயிற்று. ஊருக்குத்தான் உபதேசம். முகம் ஏன் செத்துக் கிடக்கு என்று அம்மா கேட்டாள், சொல்ல வெட்கமாயிருந்தது, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை மகன்.

நிருஷாவிடம் இதை ஒளிக்காமல் வாசித்துக் காட்டு. எனக்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது நான் கேட்க வேண்டியது, அவள் பேச இசைந்த அன்று கேட்பேன். பிள்ளையின் இதயம் பார்க்கும் கிளினிக்கைத் தவற விடாதே, வெளியே கொண்டுபோனால் காதை மூடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் அம்மாவுடன் பேசும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே வீட்டு வளவுக்குள் போய்விடுவேன், அதனால் நான்கு மாதமாகியும் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று அம்மாவிடம் கேட்டேன், என்னட்டக் கேட்காதீங்க, அவங்களிட்டயே கேளுங்க என்றுவிட்டாள். அதனால் கீழே இடம் விட்டிருக்கிறேன், மறக்காமல் எழுதி அனுப்பு.

உனக்கும் நிருஷாவுக்கும் என் பேத்தி .................... க்கும் எல்லா நலமும் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கனகசிங்கம்