பின்பக்கப் படுக்கையில் சொட்டிய தண்ணீர்

நேற்று மகன் வீட்டுக் குளியலறையில் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். ஓரத்தை அடைக்க சிலிக்கான் பசையைத் துப்பாக்கியில் மாட்டிப் பிதுக்கியதும் அந்தப் புளித்த காடி வாடை வீடு முழுக்கப் பரவியது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன் நினைப்பு வந்தது. கூடவே துக்கம் வரவில்லை, மாப்ள. வயிற்றெரிச்சல்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

தெற்கேயிருந்து ஒரே ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கியவர்கள் நாம். நான் தேனாம்பேட்டையில் ரப்பர் சாமான் கடை போட்டேன். ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் புகாமல் பதிக்கிற பீடிங், வாஷர், ஓஸ் பைப். நீ தி.நகரில் ரெடிமேட் துணிக்கடை போட்டாய். என் கடைக்கு வருகிறவன் வீட்டில் எதுவோ ஒழுகுகிறது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவான். உன் கடைக்கு வருகிறவன் கல்யாணம், காதுகுத்து என்று சிரித்துக்கொண்டு வருவான். உழைப்பில் நான் உனக்குக் குறைந்தவன் இல்லை. ஆனாலும் உன் கடையில் எப்போதும் திருவிழா, என் கடையில் எப்போதும் புகார். பொறாமை அங்கேதான் முளைவிட்டது. அது வளர நீயும் ஒரு குறையும் வைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆஸ்திரேலியாவிலிருந்து உன் மச்சினன் ஒரு போட்டோ அனுப்பினான். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினாய். வேன் பாடி கட்டுகிற ஒரு பட்டறையைப் பிடித்து, உன் ஜீப்புக்குப் பின்னால் இழுக்கிற மாதிரி அதே போல ஒன்று செய்யச் சொன்னாய். கல்யாணமான நாளிலிருந்து உன் பெண்டாட்டியை, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளை, நீ ஒரு ஊருக்கும் கூட்டிப்போனதில்லை. தீபாவளி வியாபாரம் முடிந்ததும் இந்த வண்டியில் முதலில் பாலவாக்கம், அப்புறம் கடலோரமாகவே தெற்கே என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். அவளும் அதை நம்பி, நீங்கள் குடியிருந்த மைலாப்பூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டி உன் வீட்டுச் சந்துக்கு வந்தது. எதிர் வீட்டு வாட்ச்மேன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பொட்டிக்கடைய இஸ்துக்கினு வந்துகீற" என்றான். எல்லோரையும் விட நீதான் பலமாகச் சிரித்தாய். நான் உள்ளே ஏறினேன். வார்னிஷ் மணம். மடக்குகிற மேஜை. பின்பக்கம் அகலமான படுக்கை, அதில் தங்கச்சி தைத்த பூப்போட்ட உறை. ஜன்னலில் கறுப்பு ரப்பர் பீடிங், என் கடைச் சரக்கு இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், வேறு எவனிடமோ வாங்கியிருக்கிறார்கள். "நல்லாருக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, வண்டி நெற்றியில் திருஷ்டி பொம்மை மாட்டினீர்கள். பிதுங்கின கண், தொங்கின நாக்கு, முறுக்கின மீசை. அடுத்த வாரம் மழை பிடித்தது. பின்பக்கப் படுக்கையில், தங்கச்சி தலை வைக்கிற இடத்திலேயே தண்ணீர் சொட்டியது.

அதைச் சொல்ல என் கடைக்கே வந்தாய். வாடிக்கைக்காரன் ஒருத்தன் நிற்கிறான் என்று கூடப் பார்க்கவில்லை. கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஒன் கண்ணு பட்டுட்டுன்னு சொல்லுதா லே ஒன் தங்கச்சி" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்து வைத்தேன். நீ போன பிறகு வாடிக்கைக்காரனுக்குத் தப்பான அளவில் வாஷர் எடுத்துக் கொடுத்தேன். என் கண் படவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை, அதுதான் சங்கடம். அந்தப் படுக்கையில் நான் படுத்திருக்கிற மாதிரி ராத்திரி கனவே கண்டிருந்தேன். இனி அந்த வண்டியில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாளாம். பயணமும் போச்சு. உன் வீட்டு வாசலில் இனி நான் எந்த மூஞ்சியோடு நிற்பது? தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடித்துக் காட்டினால்தான் எனக்கு விமோசனம்.

பட்டறைக்காரன் வந்து கூரை மூட்டெல்லாம் தாரைப் பூசிவிட்டுப் போயிருந்தான். அப்படியும் ஒழுகியது. நான் பார்த்த மாத்திரத்தில் பீடிங்தான் என்றேன். கண்டவனிடம் வாங்கினால் இப்படித்தான் என்று தங்கச்சி காதில் விழுகிற மாதிரியே சொன்னேன். ஜன்னல்களையெல்லாம் கழற்றி, என் கடையிலிருந்து முதல் தரச் சரக்கு கொண்டுவந்து, நானே உட்கார்ந்து மாற்றினேன். அடுத்த மழையில் அதே இடத்தில், அதே தலையணையில் சொட்டியது. அந்த எவனோ ஒருத்தன் விற்ற பீடிங் நல்ல பீடிங். அதை ஒத்துக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீ என் முதுகில் தட்டி, "விடு லே, ஒஞ்சரக்கு பாக்க அழகா இருக்கு" என்றாய்.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். சொட்டுகிற இடத்திலேயே ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே தகரம், கீழே பிளைவுட், நடுவில் இடைவெளி. ஒரு பக்கம் புகுந்த தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி இன்னொரு பக்கம் இறங்கும். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உன் கடையில் தூசி ஊதுகிற புளோயரைக் கொண்டுவரச் சொன்னேன். கதவையும் ஜன்னலையும் டேப் ஒட்டி அடைத்தோம். ஒரு துளை மட்டும் விட்டு அதன் வழியாக உள்ளே காற்றை ஊதினாய். நான் வெளியே ஏணியில் ஏறி, சோப்புத் தண்ணீரைத் துணியில் தோய்த்து ஒவ்வொரு மூட்டாகத் தடவினேன். உள்ளே அடைபட்ட காற்று எங்கே வெளியே வருகிறதோ அங்கே நுரை கிளம்பும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான்.

கூரையில் ஒன்றும் இல்லை. ஜன்னலில் இல்லை. விளக்கு மாட்டின இடத்தில் இல்லை. முன்பக்கம் வந்தேன். நெற்றியைத் துடைக்கும்போது பொம்மையைச் சுற்றித்தான் துடைத்தேன், அதைத் தொடவில்லை. பட்டறைக்காரனும் அதைச் சுற்றித்தான் தார் பூசியிருந்தான். திருஷ்டிக்கு மாட்டினதை எவன் கழற்றிப் பார்ப்பான்? அப்போதுதான் பொம்மையின் தாடைக்குக் கீழே சோப்பு நுரை பொங்கிக்கொண்டு வந்தது. நாக்கு வழியாக ஜொள்ளு வடிக்கிற மாதிரி.

பொம்மையை லேசாக நெம்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டு ஸ்க்ரூ. வாஷர் இல்லாமல் தகரத்தை ஓட்டை போட்டு நேராக முறுக்கியிருக்கிறார்கள். நிறுத்தியிருந்தபோது வண்டியின் மூக்குப் பக்கம் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்திருந்தாய். நெற்றியில் புகுந்த தண்ணீர் சரிவில் நேராகப் பின்பக்கம் போய்த் தங்கச்சி தலையணையில் இறங்கியிருக்கிறது. என் கண்ணுக்குப் பயந்து மாட்டினதுதான் தண்ணீரை உள்ளே விட்டது.

ஏணியில் நின்றபடியே எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். தங்கச்சி வாசலுக்கு வந்து நின்றாள். இதைக் கழற்றினால்தான் ஓட்டையை அடைக்க முடியும் என்றேன். அடைத்துவிட்டு நல்ல வாஷராகப் போட்டு நானே திருப்பி மாட்டிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் பொம்மையை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம், "அது இல்லாம ஒரு நிமிஷம் நின்னாலும் எவங் கண்ணு படும்னு யாருக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள்.

நீ வண்டிக்கு அந்தப் பக்கம் புளோயரை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினாய்.

"தெரிஞ்ச கண்ணுதானேட்டீ. வெளிய நின்னு பாக்குறதுக்கு, உள்ள வந்து உக்காந்து பாக்கட்டும். பொம்ம வேண்டாம். இவன் வீட்டையும் கூப்பிடு, எல்லாரும் போவோம்."

தங்கச்சி முகம் சிவந்துவிட்டது. எனக்கு ஏணியிலிருந்து இறங்கவே கூச்சமாக இருந்தது. என் வயிற்றெரிச்சல் எவ்வளவு காலமாகத் தெரியும் உனக்கு? ரயிலிலேயே தெரிந்திருக்குமோ? அவ்வளவு தெரிந்தும் என்னை வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தாயா? அந்த இரண்டு ஓட்டையையும் சிலிக்கான் வைத்து நான் அடைத்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும், கோயில் கருவறைக்குப் பூசுகிற மாதிரி பூசினேன். தங்கச்சி கீழே நின்று ஒரு நிபந்தனை போட்டாள். பின்பக்கப் படுக்கை அண்ணாச்சிக்குத்தான், சொட்டினால் அண்ணாச்சி தலையில் சொட்டட்டும். சரி என்றேன்.

கார்த்திகையில் பாலவாக்கம் போனோம். தென்னைகளுக்கு நடுவில், கடல் தெரிகிற மாதிரி வண்டியை நிறுத்தினாய். என் பெண்டாட்டி எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைகள் மணலில் கிடந்தன. சாப்பாடு முடிந்ததும் எனக்கென்று ஒதுக்கின படுக்கையில் நீ போய்ப் படுத்துக்கொண்டாய். "அங்க நாந்தான் படுக்கணும்" என்றதற்கு, போய் வெத்தல போடு என்று திரும்பிப் படுத்தாய். கொஞ்ச நேரத்தில் மழை வந்தது. சும்மா மழை இல்லை, கடல் மேலிருந்து சாய்வாக அடிக்கிற மழை. எல்லோரும் உள்ளே ஓடி வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தகரக் கூரையில் சத்தம் காதைப் பிளந்தது.

நான் உன் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் துண்டு. பிளைவுட்டில் ஒரு ஈரப் பொட்டு தெரிகிறதா, மூட்டில் ஒரு துளி திரள்கிறதா என்று. ஒழுகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொண்டே, ஒரு சொட்டாவது விழுந்தால் என்ன என்று இன்னொரு மூலையில் நினைத்துக்கொண்டும் இருந்தேன். இரண்டும் நிஜம். தங்கச்சி என்னைக் கவனித்துவிட்டு, "எதுக்கு அண்ணாச்சி மேலயே பாக்கிய, அவாளே ஒறங்குதாவ" என்றாள். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக என் முகத்தைச் சந்தேகம் இல்லாமல் பார்த்தாள்.

ஒரு சொட்டு விழவில்லை. நீ வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினாய்.

அதற்குப் பிறகு நானும் அடையாற்றில் வீடு கட்டினேன், கடையைப் பெரிதாக்கினேன், உன்னை விட நல்ல கார் வாங்கினேன். நீ போனபோது சந்து முனை வரைக்கும் நின்ற கூட்டத்தைப் பார்த்து, இதிலும் முந்திக்கொண்டானே என்றுதான் நினைத்தேன். கடையையும் கூட்டத்தையும் நான் எப்படியோ ஜீரணித்துவிடுவேன், மாப்ள. அந்தத் தூக்கத்தைத்தான் முடியவில்லை. உன் மேல் வயிறு எரிகிறவன் இவன் என்று தெரிந்தும், அவன் அடைத்த ஓட்டையை நம்பி, அடைமழையில் தண்ணீர் சொட்டிய அதே இடத்தில் தலை வைத்துத் தூங்கினாய். என் வீட்டுக் கூரை கான்கிரீட். மழை வந்தால் இன்றைக்கும் நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.