இரண்டு வருஷம் கழித்துக் கேட்ட கேள்வி

அன்புள்ள எஸ்தர்ராணி,

உடம்பு தேறிவிட்டது. நேற்றுக் குடித்த கஞ்சி வயிற்றில் தங்கியது.

சண்டை போட்டு இரண்டு வருஷம் பேசாதிருந்த நீ, எனக்கு வாந்திபேதி என்று கேள்விப்பட்டதும் இடைசெவலிலிருந்து பஸ் ஏறி வந்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டே உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாய். எதுவும் தங்கவில்லை. மதியம்தான் வாய் திறந்தாய்.

“ஏட்டி, காலையிலருந்து ஒண்ணுக்குப் போனியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஒடம்புல தண்ணி வத்திட்டு. இனி வீட்ல வச்சுப் பாக்கக்கூடாது. எந்தி, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

கோவில்பட்டி வரை ஆட்டோவில் உன் மடியில்தான் கிடந்தேன். குளுக்கோஸ் ஏறி நான் கண் விழித்தபோது நீ போய்விட்டிருந்தாய்.

அன்று சண்டையில் நான் உன்னைப் பேசிய பேச்சு தப்புதான். இப்போது என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதற்காக வராமல் இருந்துவிடாதே.

உன்னோடு பதினெட்டு வருஷம் தீப்பெட்டி ஒட்டியவள்